விளாத்திகுளத்து டெமாஸ்தனிஸ்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அது கால் ஆடும். இதுல உக்காருங்க. இருளப்பன் விஷயமா வாறேன்னு போன்லயே சொல்லியிருந்தீங்கன்னா, வர வேண்டாம்னு அப்பவே சொல்லியிருப்பேன். ஒரு புத்தகம் சம்பந்தமான்னு மொட்டையாச் சொன்னீங்க. நானும் பேச்சுப் பயிற்சி பத்தி நான் எழுதின புத்தகம் விஷயமாக்கும்னு நெனச்சுட்டேன். சரி, விளாத்திகுளத்துல இருந்து ஈரோடு வரைக்கும் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு வந்துட்டீங்க. காப்பி வரும், குடிச்சுட்டுப் போங்க.

செத்துட்டான்னு தெரியும். பேப்பர்ல படம் போட்டிருந்தான். 'தென்பாண்டி டெமாஸ்தனிஸ் மறைந்தார்'னு தலைப்பு. செத்த பெறகும் அந்தப் பட்டத்தை விடல பாத்தீங்களா. நான் மாலை வாங்கி அனுப்பல. அனுப்பணும்னு தோணவும் இல்ல. இதை நீங்க அவன் மகள்கிட்டச் சொன்னாலும் சொல்லிக்கிடுங்க.

அவன் பேச்சையெல்லாம் தொகுத்துப் போடுறீங்க. போடுங்க, யாரு வேண்டாம்னது. காலேஜ்ல வாத்தியாரா இருக்கீங்க, உங்களுக்கும் பேருக்குப் பின்னால ஒரு புத்தகம் வேணும். ஆனா ஒண்ணு கேக்கேன். டெமாஸ்தனிஸ் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியும்னு தலையை ஆட்டுறீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது இருளப்பன் சொன்ன டெமாஸ்தனிஸ். எங்க வட்டாரத்துல எல்லாருக்கும் அவனைத்தான் தெரியும். கிரேக்க தேசத்துல ரெண்டாயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முந்தி இருந்த ஒரு மனுஷன் எங்க ஊரு டீக்கடையில சொந்தக்காரன் மாதிரி ஆயிட்டான்னா, அது இவன் செஞ்ச வேலை.

எங்க பக்கம் மேடைப் பேச்சாளனுக்கு ஆளுக்கு ஒரு சரக்கு உண்டு, பாத்துக்கிடுங்க. ஒருத்தன் கர்ணனைப் பேசுவான், ஒருத்தன் கண்ணகியைப் பேசுவான், கோயில் கொடையோ கல்யாணமோ நூலகத் திறப்போ, எதுக்குக் கூப்பிட்டாலும் அதைத்தான் கடைசியில கொண்டாந்து நிறுத்துவான். இருளப்பனுக்கு டெமாஸ்தனிஸ். சும்மா சொல்லக்கூடாது, இருநூறு ஊர்ல பேசியிருப்பான். ஏதென்ஸ் நகரத்துல ஒரு வாள் பட்டறைக்காரன். அவன் மகன் டெமாஸ்தனிஸ். ஏழு வயசுல அப்பன் செத்துட்டான். சொத்தைப் பாத்துக்கிடச் சொல்லி விட்டுப்போன மூணு பேரும் சொத்தைத் தின்னுட்டாங்க. பையனுக்கோ திக்குவாய். கோர்ட்டுல அவனவன் வழக்கை அவனவனேதான் பேசணும்னு அந்த ஊரு சட்டம். அதனால வாயில கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டுப் பேசிப் பழகினான். கடல் இரைச்சலுக்கு எதுக்க நின்னு கத்தினான். வெளிய போக ஆசை வந்துரக் கூடாதுன்னு பாதித் தலையைச் சிரைச்சுக்கிட்டு நிலவறையில உக்காந்து படிச்சான். வழக்குல ஜெயிச்சான். அப்புறம் மாசிடோனியா ராஜா பிலிப்பு, அதான் அலெக்சாண்டரோட அப்பன், படையெடுத்து வாறான்னு ஊரையே எழுப்பி விட்டான். கடைசியில எதிரி வந்து சுத்தி வளைக்கவும் கோயில்ல உக்காந்து எழுதுகோல் முனையைக் கடிச்சு விஷம் குடிச்சுச் செத்தான். அந்த இடம் வந்ததும் பொம்பளைங்க மூக்கைச் சிந்துவாங்க. மைக் செட்டுக்காரனே அழுவான்.

இதுல எனக்கென்ன கோவம்னு கேப்பீங்க. அந்தக் கதைக்கு நடுவுல இருளப்பன் தன் கதையைச் சொருகிட்டான் தம்பி. அங்கதான் அயோக்கியத்தனம்.

அவன் அப்பாவுக்கு அரிவாள் பட்டறை இருந்தது, அது நெசம். அவர் செத்தப்ப இவனுக்குப் பதினொரு வயசு. நானும் அவனும் ஒரே கிளாஸ், ஆறாவது. வீட்டு வாசல்ல போயி நின்னவன் நான். மேடையில என்ன சொல்லுவான்? 'என் தந்தை மறைந்தபோது எனக்கு வயது ஏழு.' ஏன்னா டெமாஸ்தனிஸுக்கு ஏழு. சித்தப்பாமார் ரெண்டு பேரு பட்டறையை எழுதி வாங்கிக்கிட்டாங்க. மேடையில மூணு சித்தப்பா. அந்த மூணாவது சித்தப்பா எங்க இருந்து வந்தாருன்னு அந்தச் சித்தப்பாமாரைப் பெத்த கிழவியைத்தான் கேக்கணும். திக்குவாய்னுவான். அவனுக்குத் திக்குவாயே கிடையாது. அவனுக்குப் பத்தாதது மூச்சு. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினா பாதியில மூச்சு முட்டி நிக்கும், கேக்குறவனுக்கு நெஞ்சு வலிக்கும். அதைப் போயித் திக்குவாய்னு சொன்னா எப்படி?

அப்புறம் கடல். வேம்பார் கடற்கரைக்குப் பதினெட்டு மைல் சைக்கிள்ல போயி, வாயில கல்லைப் போட்டுக்கிட்டு, அலைக்கு எதுக்க நின்னு ஒரு வருஷம் கத்தினாராம். 'எனக்கு ஆசான் இல்லை, கடல்தான் ஆசான்.' இந்த வரியைச் சொல்லும்போது கையை இப்படி நீட்டுவான், பாருங்க, இப்படி. இந்தக் கை நீட்டுறது இருக்கே, இது நான் சொல்லிக்கொடுத்தது.

ஆமா. நான்தான்.

எனக்கு அப்ப இருபத்து மூணு வயசு. வருஷா வருஷம் மாசிக் கொடையில எங்க தெரு போடுற நாடகத்துல ராஜா வேஷம் எனக்குத்தான். மைக் வேண்டாம். கடைசி வரிசையில கடலை விக்கிறவனுக்கும் கேக்கும். கோதண்டபாணி பேசுறான்னா மாட்டு வண்டியை நிறுத்திக் கேப்பாங்க. இருளப்பன் அப்ப பட்டறைக் கேசு விஷயமா பஞ்சாயத்துல பேசப் போயி, பாதியில மூச்சு முட்டி நின்னு, சனமெல்லாம் சிரிச்சு, துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு வந்துட்டான். கண்மாய்க்கரையில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தான். நான்தான் போயி எழுப்பினேன். என்ன பேசினே, எங்கிட்டப் பேசுன்னேன். பேசினான். அதே பேச்சை நான் திருப்பி அவனுக்குப் பேசிக் காட்டினேன். இருளப்பன் வாயைப் பொளந்துட்டான். நான் சொன்னதையா நீ சொன்னேன்னு கேட்டான். பெறகு எட்டு மாசம், சாயந்தரம் சாயந்தரம் கண்மாய்க்கரை மேட்டுல ஏறிக்கிட்டே பேசச் சொன்னேன். எங்க மூச்சை எடுக்கணும், எங்க விடணும், எந்தச் சொல்லுக்கு முன்னால நிறுத்தணும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எட்டு மாசம் தம்பி. ஒரு மேடையில என் பேரைச் சொன்னானா? கடல்தான் ஆசானாம்.

இருபது வருஷம் பொறுத்தேன். ஒரு கூட்டம் விடாமப் போயி முன் வரிசையில உக்காருவேன். இன்னைக்குச் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லுவான்னு பாப்பேன். கடலும் அலையும் கூழாங்கல்லும் வரும். நான் வரமாட்டேன். வீட்டுக்காரி கேப்பா, பிடிக்காதவன் பேச்சை இத்தனை தடவை எதுக்குப் போயிக் கேக்கீங்கன்னு. அவளுக்கு என்ன தெரியும்.

தொண்ணூத்தி நாலுல எங்க ஊரு நாவலர் மன்றத்துல அவனுக்கு வெள்ளிக் கிரீடம் வச்சு 'தென்பாண்டி டெமாஸ்தனிஸ்'னு பட்டம் கொடுக்கறதா முடிவு பண்ணினாங்க. மன்றச் செயலாளர் பால்வண்ணன், மருந்துக்கடை வச்சிருந்தாரு, வீட்டுக்கு வந்து வாழ்த்துரைக்கு என்னைக் கூப்பிட்டாரு. பால்ய நண்பர் ஒருத்தர் பேசணும், அது முறைன்னாரு. எனக்குச் சுருக்குன்னு இருந்தது. சரி, எவன் பேர்ல பட்டம் கொடுக்காங்களோ அவனைப் பத்தித் தெரிஞ்சுக்கிடுவோம்னு அன்னைக்கே நூலகம் போனேன். கிரேக்கப் பெரியவங்க வாழ்க்கை வரலாறுன்னு ஒரு பழைய மொழிபெயர்ப்பு, அட்டை கிழிஞ்சது, ரொம்ப வருஷமா யாரும் எடுக்கல. உக்காந்து படிச்சேன்.

தம்பி, அந்தப் புத்தகத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? டெமாஸ்தனிஸ் முதல் கூட்டத்துல பேசினப்ப சனங்க சிரிச்சுட்டாங்க. மூஞ்சியை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போறான். வழியில ஒரு நடிகன் வாறான், சாத்திரஸ்னு பேரு. ஒரு நாடகப் பாட்டுல நாலு வரி சொல்லுன்னு கேக்கான். இவன் சொல்லுதான். அதே நாலு வரியை நடிகன் திருப்பிச் சொல்லவும் இவனுக்கு அது வேற பாட்டு மாதிரிக் கேக்குது. அங்க இருந்துதான் அவன் பேச்சே தொடங்குது. புத்தகத்துல இருக்கு. பக்கம் நூத்திப் பதினேழு. நான் நூலகத்துலயே எந்திரிச்சு நின்னுட்டேன். நூலகர் என்னன்னு கேட்டாரு.

இருளப்பன் இதே புத்தகத்தைத்தான் படிச்சிருக்கான். ஓரத்துல அவன் கையெழுத்தும் பென்சில் குறியும் இருந்தது. ஏழு வயசுக்குக் குறி போட்டிருக்கான். கல்லுக்குக் குறி, கடலுக்குக் குறி, பாதிச் செரைச்ச தலைக்குக் குறி. நூத்திப் பதினேழாம் பக்கம் மட்டும் சுத்தமா இருக்கு. அந்த நடிகனைக் கதையில இருந்தே தூக்கி எறிஞ்சுட்டான். இருநூறு ஊர்ல ஒரு ஊர்ல கூட அந்த நடிகன் வரல. அப்ப முடிவு பண்ணினேன். வாழ்த்துரைதானே கேக்குறீங்க, வாழ்த்துறேன்.

ஏன்னா அந்தப் புத்தகத்துல மத்ததும் இருந்தது. கேரோனியாங்கிற இடத்துல பிலிப்போட சண்டை. ஊரையே சண்டைக்குக் கெளப்பி விட்ட மகராசன் டெமாஸ்தனிஸ், கேடயத்தைக் கீழ போட்டுட்டு ஓடியிருக்கான். ஓடும்போது மேல்துணி ஒரு முள்ளுச்செடியில மாட்டிக்கிட்டுது. எதிரிதான் பிடிச்சுட்டான்னு நெனச்சு, என்னைக் கொன்னுராதேன்னு செடிகிட்டக் கெஞ்சியிருக்கான். இன்னொண்ணு. ஒரு பணக்காரன் தன்னை எதுத்துப் பேசாம இருக்கத் தங்கக் கிண்ணம் கொடுத்திருக்கான். வாங்கி வச்சுக்கிட்டு மறுநாள் சபைக்குக் கழுத்துல கம்பளியைச் சுத்திக்கிட்டுப் போயி, தொண்டை சரியில்ல, பேச முடியலன்னு சைகை காட்டியிருக்கான். எல்லாம் புத்தகத்துல இருக்கு. அவனுக்குத் தங்கக் கிரீடம் வைக்கணும்னு ஊரு சொன்னப்ப, இவனுக்கா கிரீடம்னு கேட்டு ஒரே ஒருத்தன் வழக்குப் போட்டிருக்கான். ஈஸ்கினிஸ்னு பேரு. அவனும் நடிகன், நல்ல குரல். அந்தப் புத்தகத்துலயே யோக்கியன் அவன் ஒருத்தன்தான். அவன் கேஸ்ல தோத்து, ஊரை விட்டுப் போயி, ஏதோ தீவுல பேச்சுப் பள்ளிக்கூடம் நடத்தினான்னு போட்டிருந்தது. அதுக்கு மேல நான் படிக்கல.

இருளப்பன் எதுல டெமாஸ்தனிஸோ இல்லையோ, ஓடினதுல டெமாஸ்தனிஸ். எண்பத்தி மூணுல எங்க ஊர்ல குடிதண்ணிப் போராட்டம். மூணு வருஷம் மழை இல்ல. எங்களுக்குன்னு வந்த குழாய்த் தண்ணியைப் பாதி வழியில ஒரு ஆலைக்குத் திருப்பி விட்டுட்டாங்க. சனமெல்லாம் காலிக் குடத்தோட தாலுகா ஆபீஸ் முன்னால போயி உக்காந்துட்டுது. இவன் எந்திரிச்சு என்னமோ பேசினான். போலீஸ் தடியை எடுக்கவும் முதல் ஆளா ஓடினான். ஓடைக்குள்ள சீமைக்கருவேல முள்ளுல வேட்டி மாட்டிக்கிட்டுது. திரும்பிப் பாக்காமயே ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, 'ஐயா, நான் வேடிக்கை பாக்க வந்தவன்'னு முள்ளுச்செடிகிட்டச் சொல்லியிருக்கான். ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த சுப்பம்மா நேர்ல பாத்தா. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அன்னைக்குப் போகல. எனக்குக் காய்ச்சல்.

பதினாலு தாள் எழுதினேன். பதினோரு நாள் மனப்பாடம் பண்ணினேன். அப்புறம் நோட்டீஸ் வந்தது. பாத்தா என் பேரு வாழ்த்துரையில ரெண்டாவது. எனக்கு ரத்தம் கொதிச்சுட்டுது. ரெண்டாவது பேசுறவன் பேச்சை எவன் கேப்பான்? அப்பத்தான் சனம் வந்து எடம் பிடிக்கும், பிள்ளை அழும், சேர் பத்தாமச் சண்டை நடக்கும். கடைசியாப் பேசுறவன்தான் பெரிய பேச்சாளன்னு எங்க பக்கம் கணக்கு. பால்வண்ணன் கடைக்குப் போயி, என் பேரைக் கடைசியில போடலைன்னா வரமாட்டேன்னுட்டேன். பாவம் மனுஷன், ஐந்நூறு நோட்டீஸைத் தூரப் போட்டுட்டு வேற அடிச்சாரு. வாழ்த்துரையில ஏழாவது, கடைசி, கோதண்டபாணி. அதுக்குக் கீழ ஏற்புரை, இருளப்பன். அதுக்குக் கீழ நன்றியுரை.

முப்பது வருஷம் மேடை பாத்தவன் நான். சொன்னா சிரிப்பீங்க. ஏற்புரைங்கிறது ஒரு பேச்சுன்னே எனக்குத் தோணல. பட்டம் வாங்கினவன் எந்திரிச்சு, தகுதி இல்லாத எனக்குன்னு ஆரம்பிச்சு, அனைவருக்கும் நன்றின்னு முடிச்சுட்டு உக்காருற சமாச்சாரம் அது. மைக் செட்டுக்காரன் அப்பவே வயரைச் சுருட்ட ஆரம்பிச்சிருவான். அவன் எனக்குப் பெறகு பேசுறான்னு நான் நெனக்கவே இல்ல. எனக்குப் பெறகு கூட்டம் முடியுதுன்னுதான் நெனச்சேன். நானே சண்டை போட்டு, நானே பால்வண்ணனை மிரட்டி, கடைசி வார்த்தையை அவன் கையில கொண்டு போயிக் கொடுத்திருக்கேன்.

பேசினேன். நாப்பது நிமிஷம். தலையில வெள்ளிக் கிரீடத்தோட அவன் உக்காந்திருக்கான், பக்கத்துல அவன் பொண்டாட்டி பட்டுச்சேலையில உக்காந்திருக்கா. நான் டெமாஸ்தனிஸ் கேடயத்தைப் போட்டதைச் சொன்னேன். கம்பளி சுத்தினதைச் சொன்னேன். தொண்ணூத்தொண்ணு தேர்தலப்ப இருளப்பன் மப்ளர் கட்டிக்கிட்டு எந்தக் கட்சிக்கும் பேசாம இருந்ததைச் சொன்னேன். அவனுக்கு நெசமாவே தொண்டைக்கட்டுதான்னு டாக்டர் பின்னால சொன்னாரு, அது வேற விஷயம். முள்ளுச்செடியைச் சொன்னேன். சுப்பம்மா கூடக் கடைசி வரிசையில தலையைக் குனிஞ்சுக்கிட்டா. இவர்தான் உங்கள் டெமாஸ்தனிஸ், வையுங்கள் கிரீடத்தைன்னு முடிச்சேன். ஒருத்தன் கை தட்டல. தட்டாட்டி என்ன, பட வேண்டியவனுக்கு அடி பட்டாச்சு, சத்தம் எதுக்கு. தாள் பதினாலையும் நாற்காலியில வச்சுட்டு உக்காந்தேன்.

அவன் எந்திரிச்சான். கிரீடத்தைக் கழட்டி மேசையில வச்சான். இருபத்தேழு நிமிஷம் பேசினான்.

அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு இப்ப எனக்குப் புரியுது. அந்தப் பேச்சு உங்ககிட்ட இல்ல. எப்படி இருக்கும்? பால்வண்ணன் டேப் ரிக்கார்டரைக் கொண்டாந்து வச்சுட்டு, ஒரு பொத்தானை மட்டும் அமுக்கிட்டாரு. ரெண்டையும் சேத்து அமுக்குனாத்தான் பதியும். கேசட் சுத்துச்சு, ஒண்ணும் பதியல. அவனும் எழுதி வச்சுப் பேசல. நான் பேசி முடிச்ச பெறகுதானே அவனுக்கே தெரியும் என்ன பேசணும்னு. ஊர்ல எல்லாரும் அதுதான் அவன் பேசினதுலயே பெரிய பேச்சுன்னு சொல்லுவாங்க. என்ன பேசினான்னு கேட்டா ஒருத்தனுக்கும் வராது. அழுதோம்பாங்க, சிரிச்சோம்பாங்க. கோதண்டபாணிக்கு ஞாபகம் இருக்கும், அவன் நாடகக்காரன், ஒரு தடவை கேட்டா மறக்க மாட்டான்னு எவனோ உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கான். அவன் மகளா? அவளா சொன்னா?

ஞாபகம் இருக்கு. ஒரு எழுத்து விடாம இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா தெனம் காலையில குளிச்சுட்டு ஒரு தடவை சொல்லிப் பாக்கேன். பக்தின்னு நெனச்சுராதீங்க. அதுல எங்கயோ ஒரு ஓட்டை இருக்கும், பதில் சொல்ல ஒரு இடம் இருக்கும், அதைத் தேடுறேன். இங்க மாடியில பேச்சு வகுப்பு நடத்துறேன்ல, இன்சூரன்ஸ் ஏஜெண்டுங்களும் மஞ்சள் மண்டிக்காரங்களும் வாறாங்க, அவங்களுக்கும் அதை வச்சுத்தான் மூச்சுப் பயிற்சி. யாரு பேச்சுன்னு சொன்னதில்ல.

உங்களுக்குத் தர மாட்டேன். எங்கிட்டயே இருக்கிற வரைக்கும் ஊருக்கு அது இல்ல. நான் போயிட்டா அதுவும் போச்சு. அவன் பெரிய பேச்சு எதுவோ அதை அழிக்கிற உரிமை எனக்கு இருக்கு. என்ன, கண்ணு கலங்குது உங்களுக்கு? அவன் உங்களுக்கு யாரு? பேசக் கத்துக்கொடுத்தாரா. எங்க வச்சு? கண்மாய்க்கரையிலயா.

மேட்டுல ஏறிக்கிட்டேவா.

சரி. காப்பியைக் குடிங்க, ஆறிப்போச்சு.

ஒரு நிபந்தனை. என் பேச்சையும் போடணும். அவன் பேச்சுக்கு முன்னால, முழுசா, நாப்பது நிமிஷமும். படிக்கிறவன் ரெண்டையும் படிச்சுட்டு முடிவு பண்ணட்டும். நான் சொன்னதுல ஒரு பொய் கிடையாது, தெரியும்ல? எல்லாம் ஆதாரத்தோட பேசினேன். ஒத்துக்கிடுதீங்களா? அப்ப நோட்டை எடுங்க. முதல்ல என்னது. எழுதுங்க.

'அவைத்தலைவர் அவர்களே, நாவலர் மன்றத்துப் பெரியோர்களே, தாய்மார்களே...' எழுதிட்டீங்களா. அடுத்தது. 'இன்று...' இல்ல. 'ஏதென்ஸ் நகரத்திலே...' அது இல்ல, அது மத்த மேடையில எல்லாம் அவன் தொடங்குறது. பொறுங்க. முள்ளுச்செடியைப் பத்தி ஒரு வரி நல்லா வந்திருந்தது, ரொம்ப நல்லா வந்திருந்தது, எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அது என்னன்னா... கிரீடம்னு முடியும். 'வையுங்கள் கிரீடத்தை', அது இருக்கு. அதுக்கு முந்தி என்ன.

நீங்க அந்தப் பேனாவை ஆட்டாம இருங்க. நீங்க ஆட்டுறதுலதான் வர மாட்டேங்குது.

பதினோரு நாள் மனப்பாடம் பண்ணினது தம்பி. தாளை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். அப்படியே மேடையை விட்டு இறங்கி, மறு வாரம் ஊரை விட்டு வந்துட்டேன். என்ன சொன்னேன்கிறது எல்லாம் தெரியுது. எப்படிச் சொன்னேன்னு ஒரு வரி வரல.

அதை அடிச்சிருங்க. அந்த 'தாய்மார்களே'யையும் அடிச்சிருங்க. புதுப் பக்கம் எடுங்க. அவன் பேச்சை எழுதுங்க. நான் சொல்லுற வேகத்துல எழுதணும், திருப்பிச் சொல்ல மாட்டேன்.

'ஊர்ப் பெரியவர்களே. கோதண்டபாணி சொன்னது அத்தனையும் உண்மை. நான் ஓடினேன். முள்ளில் வேட்டி மாட்டியது. வேடிக்கை பார்க்க வந்தவன் என்று முள்ளிடம் சொன்னேன். அவர் ஒரு தடவை என்றார். நான் மூன்று தடவை சொன்னேன்.'

இங்க சிரிப்பு. அடைப்புக்குறி போட்டுச் சிரிப்புன்னு போடுங்க. சுப்பம்மாதான் முதல்ல சிரிச்சா.

'அன்றைக்குக் காலை தாசில்தார் வெளியே வந்தார். உங்களில் யார் பேசுவது என்று கேட்டார். யாரும் அசையவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். நம் ஊரில் குரல் உள்ளவர்கள் உண்டு. படித்தவர்கள் உண்டு. அந்தக் காலையில் அவர்களுக்கெல்லாம் என்ன வேலையோ, நான் அறியேன். இத்தனை மேடை ஏறியும் நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வேர்க்கும். நான் எழுந்தது தைரியத்தால் அல்ல. மூன்றாவது தடவை கேட்க அவர் நிற்கமாட்டார் என்று தெரிந்ததால் எழுந்தேன். பேசினேன். பேசிவிட்டு ஓடினேன். பேசாமல் ஓடியவனை யாரும் பார்க்கவில்லை. அவன் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை.'

இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பாக்கல. பாத்திருந்தா நான் எந்திரிச்சுப் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு அன்னைக்கு நெசமாவே காய்ச்சல். நூத்தி ரெண்டு. எழுதுங்க.

'இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கடல்தான் என் ஆசான் என்று இருநூறு மேடையில் சொன்னேன். வேம்பார் கடல் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஒரே ஒரு நாள் போனேன். வாயில் போட்ட கல்லில் ஒன்றை விழுங்கிவிட்டுத் திரும்பினேன். கண்மாய்க்கரை மேட்டில் என்னை எட்டு மாதம் ஏறவைத்து, எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொல்லித் தந்தவர் இப்போது பேசி அமர்ந்தாரே, அவர். கடலைச் சொன்னால் கைதட்டுகிறீர்கள், நண்பனைச் சொன்னால் தட்டமாட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன். இன்று அவர் என்னைத் திட்டும்போது, எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்று மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். அதே இடங்கள்தான்.'

ஏன் எழுதாம இருக்கீங்க? எழுதுங்க.

சொல்லிட்டான்ல, அப்புறம் என்ன கோவம்னு கேக்குறீங்க. ஆமா, சொன்னான். ஊரே எந்திரிச்சு நின்னு கைதட்டிச்சு. எனக்கில்ல, அவனுக்கு. என் பேரைச் சொன்னதுக்கு அவனுக்குக் கைதட்டினாங்க. கூட்டம் முடிஞ்சதும் என்னை ஒருத்தன் ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தா நான் அந்த ஊர்லயே இருந்திருப்பேன். எல்லாரும் வந்து, நீங்கதானா சொல்லிக்கொடுத்தீங்கன்னு அன்பாக் கேட்டாங்க. அவனும் பக்கத்துல வந்து நின்னான். நான் அவன் மூஞ்சியைப் பாக்காம இறங்கிப் போயிட்டேன். அதுக்குப் பெறகு அவன் போட்ட காயிதம் எதையும் பிரிச்சதில்ல.

முந்தின நாள் சொல்லியிருக்கலாம்ல தம்பி. ஒரே ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தா நான் பேசியிருக்கவே மாட்டேன்.

எழுதுங்க. இன்னும் இருபத்திரெண்டு நிமிஷம் இருக்கு.